முப்பதாவது பொறி

புதன் கோளுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலில் ஆளே கிடையாது. ஆனாலும் அதற்கு ஒரு அம்மா இருந்தாள். கட்டுப்பாட்டு அறையில் இரண்டாவது வரிசைக் கடைசி மேஜை, தலைக்கு மேலே ஏசி, அது சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குப் பக்கத்தில் சாம்பல் நிற ஸ்வெட்டரில் அவள். வாசல் காவலாளி முதல் விண்வெளி மையத் தலைவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் இன்ஜினம்மா. கப்பலின் இன்ஜினைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அதைப் பற்றிக் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவாள். "போன வாரம் கொஞ்சம் சூடு ஜாஸ்தி, இப்ப பரவால்ல" என்பாள். கேட்கிற அக்கம்பக்கத்தார் யாருக்குக் காய்ச்சல் என்று விசாரிப்பார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கப்பல் புதனைப் போய்ப் பிடிக்கிற அன்றைக்கு அந்த மேஜையில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்காக இரண்டு முறை வந்த பதவி உயர்வை வேண்டாம் என்றாள்; போனால் வேறு கட்டடத்துக்குப் போக வேண்டியிருக்கும். அவள் புருஷன் வேதியியல் வாத்தியார். அவருக்கு வேறொரு ஊரில் தலைமையாசிரியர் வேலை வந்தது. "கப்பல் போய்ச் சேரட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அவரும் சரி என்றார். கப்பல் போய்ச் சேர்வதற்குள் அவர் வெறும் வாத்தியாராகவே ஓய்வு பெற்றுவிட்டார். "என் பதவியையும் கூடவே வச்சுக் கட்டி அனுப்பிட்டா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்காது.

போட்ட கணக்குப்படி அவள் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே கப்பல் போய்ச் சேர்ந்துவிடும். அந்த இரண்டு மாதத்தை நம்பித்தான் அவள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள்.

இந்த இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நெருப்பும் புகையும் கக்கிக்கொண்டு கிளம்புமே, அந்த ஜாதி இல்லை. கப்பலுக்கு இரண்டு பக்கமும் நீள நீளமாகச் சூரியத் தகடுகள். அவை வெயிலை வாங்கி மின்சாரமாக்கும். அந்த மின்சாரம் செனான் என்கிற வாயுவுக்கு மின்னேற்றி, பொடி ஓட்டைகள் போட்ட இரண்டு மெல்லிய தட்டுகள் வழியாக வெளியே விசிறும். அந்த விசிறல்தான் கப்பலைத் தள்ளுகிறது. எவ்வளவு பலமாக என்கிறீர்கள்? உள்ளங்கையில் ஒரு தாளை வைத்தால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவு. முதல்முறை கேட்டபோது வாத்தியார், "இதுக்கு நானே பின்னாடி நின்னு ஊதியிருப்பேனே" என்றார்.

புதன் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போவது மலை இறங்குகிற மாதிரி. வண்டி தானாக ஓடும், பிரேக் பிடிப்பதுதான் பாடு. வருஷக்கணக்காக விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிற பிரேக்தான் இந்த இன்ஜின். "அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்" என்று தலைவர் மேடைக்கு மேடை முழங்குவார். அடி விடாமல் விழ வேண்டும் என்பதை மட்டும் மேடையில் சொல்ல மாட்டார். நாலு நாள் விட்டுப்போனால் அம்மி நின்ற இடத்தில் நிற்கும், புதன் தன் பாட்டுக்குப் போய்விடும்.

இன்ஜின் ஓடும்போது கப்பல் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடும். நம்மோடு பேச முடியாது. திங்கட்கிழமை காலையில் மட்டும் இன்ஜினை நிறுத்தி, நம் பக்கம் திரும்பி, வாரம் பூராவும் நடந்ததை ஒப்பித்துவிட்டு, அடுத்த வாரத்துக்கான உத்தரவை வாங்கிக்கொண்டு மறுபடி திரும்பிக்கொள்ளும். மற்ற நாளெல்லாம் பேச்சும் கிடையாது, மூச்சும் கிடையாது.

அந்த இரண்டு தட்டுக்கும் நடுவில் முடி அளவுதான் இடைவெளி. ஏதாவது தூசி போய் உட்கார்ந்தால் பொறி பறக்கும். உடனே மின்சாரம் கண் இமைக்கிற நேரம் அறுந்து, மறுபடி வரும். தூசி எரிந்துபோகும். இது சகஜம். அளவுக்கு மிஞ்சிப் பொறிந்தால்தான் தட்டு கருகிவிடும். அதனால் கப்பலுக்குள்ளேயே ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் நூறு பொறி பறந்தால் இன்ஜின் தானாக நின்று, அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும். நூறு என்பது இன்ஜினைச் செய்தவர்கள் சொன்ன கணக்கு.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. இப்படிப்பட்ட வரம்பைத் தளர்த்த வேண்டுமென்றால் குழு கூட வேண்டும், வாதாட வேண்டும், ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இறுக்க வேண்டுமென்றால் மேஜையில் இருக்கிறவரே இறுக்கிக்கொள்ளலாம். பயப்படுவதற்கு அங்கே யாருடைய அனுமதியும் தேவையில்லை. தைரியப்படத்தான் ஏழு கையெழுத்து.

பயப்பட இன்ஜினம்மாவுக்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் அவள் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பெரிய இரும்புத் தொட்டிக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு இன்ஜினை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஓட்டிய ஒன்று ஒரு நாள் பொறிந்து பொறிந்து செத்தது. தொட்டியைத் திறந்து, கருகி உருகிய தட்டை வெளியே எடுத்தவள் இவள்தான். சூடு கண்ட பூனை அதற்கப்புறம் அடுப்பங்கரைப் பக்கம் எப்படிப் போகும்?

வீட்டிலும் அதே கதைதான். மகளைச் சைக்கிள் ஏற விடவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலைக்கு இன்றைக்கும் நடந்துதான் போகிறாள். கேஸ் மூடியாயிற்றா என்று மூன்று பேரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். "என் இருமலுக்கும் வரம்பு வச்சிருக்கா, மூணு தடவ இருமினா டாக்டர்" என்பார் வாத்தியார்.

கடைசி வருஷத்தில் பொறி கொஞ்சம் கூடியது. முன்பெல்லாம் மணிக்கு ஐந்தாறு. இப்போது பதினைந்து, சில சமயம் இருபது. அவள் அந்த எண்களையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். முன்வரிசையில் கப்பலின் பாதையைப் பார்க்கிறவன், மீசை என்று பெயர் எடுத்தவன், திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, நூறுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு. எதுக்கு இப்படி வெலவெலத்துப் போறீங்க?"

"நூறுங்கிறது புது இன்ஜினுக்குச் சொன்னது. இது இத்தன வருஷம் ஓடித் தேஞ்சது. உனக்கு என்ன தெரியும்?"

"தேஞ்சா தேயட்டும்க்கா, கடைசி வளைவு வருது. இந்த வாரம் மட்டும் ஓட்டம் நிக்கக் கூடாது."

"நிக்கக் கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். கருகிட்டா அப்புறம் நிக்க இன்ஜினே இருக்காது."

அவன் மீசையை நீவிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அவள் அந்தத் திங்கட்கிழமை உத்தரவில் நூறை அழித்து முப்பது என்று போட்டாள். இருபதுக்கு மேல் போகாத பொறி முப்பதைத் தொட்டால் அது ஆபத்துதானே என்பது அவள் கணக்கு. இறுக்கியதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை கப்பல் திரும்பிப் பேசியபோது அவள் திரையில் இன்ஜின் குளிர்ந்து கிடந்தது. முதலில் திரைதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். போன திங்கட்கிழமை நம்மிடம் பேசிவிட்டுத் திரும்பிய சிறிது நேரத்திலேயே ஒரு தூசி போய் உட்கார்ந்திருக்கிறது. பொறிந்திருக்கிறது. முப்பதாவது பொறியில் இன்ஜின் சமர்த்தாக நின்றிருக்கிறது. அம்மா சொல் தட்டாத பிள்ளை. வாரம் பூராவும் சும்மாவே மிதந்திருக்கிறது. தட்டுக்கு ஒரு கீறல் இல்லை. கிளப்பியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மீசை கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தான். மத்தியானம் எழுந்து வந்து வாளிக்குப் பக்கத்தில் நின்றான்.

"இந்தச் சுத்துல பிடிக்க முடியாதுக்கா. சூரியன இன்னொரு தடவ சுத்திட்டு வந்துதான் பிடிக்கணும். மூணு மாசம்."

மூன்று மாதம். அவளுக்கு மிச்சம் இருந்தது இரண்டு. ஒரே ஒரு மாதம் தவறிவிட்டது. வருஷக்கணக்காகக் காத்தவளுக்கு ஒரு மாதம் என்ன பெரிதா? அதுதான் பெரிது. அன்றைக்குக் கேன்டீனில் யாரோ, "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார்கள். சிரிப்பு கேட்டது. அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

விசாரணை நடந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. தவறு ஆளுடையது இல்லை, நடைமுறையுடையது என்று முடிவு செய்தார்கள். இனிமேல் இறுக்குவதற்கும் குழு கூட வேண்டும் என்று விதி போட்டார்கள். அறையில் அதற்கு இன்ஜினம்மா விதி என்று பெயர் வந்தது. அவள் காதுபடவே, "டீ குடிக்கப் போறேன், இன்ஜினம்மா விதிப்படி ஏழு கையெழுத்து வாங்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் குத்துகிற குத்துக்குப் பதில் சொல்லவும் முடியாது.

வரம்பை மறுபடி நூறாக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் ஏழாவது கையெழுத்து அவளுடையது. மறுத்துப் பார்த்தாள். "கடைசி நாள் அரை நாள் நின்னாலும் கோள் கைய விட்டுப் போயிடும் மேடம்" என்றார் தலைவர். போட்டுத் தொலைத்தாள்.

பிறகு அவரைத் தனியாகப் போய்ப் பார்த்தாள். அவர் அறையில் கப்பலின் படம் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கியது.

"ஒரு மாசம் சார். ஒரே ஒரு மாசம் நீட்டிப்பு. சம்பளம்கூட வேண்டாம்."

"உங்களுக்குத் தெரியாததா மேடம்? இவங்க இல்லன்னா வேலை நடக்காதுன்னு நான் மேல சொல்லணும்."

"சொல்லுங்களேன்."

அவர் பேனாவைத் திருகினார். "எப்படிச் சொல்றது? மூணு மாசம் தாமதமானதே எதனாலன்னு அவங்க திருப்பிக் கேப்பாங்க."

"நான் அந்த இன்ஜினக் காப்பாத்தத்தான் சார் செஞ்சேன்."

"அது எல்லாருக்கும் தெரியும் மேடம்" என்றார். மெல்ல, மரியாதையாகச் சொன்னார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

ஓய்வு பெற்ற நாளில் கப்பலின் சின்ன மாதிரி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். பஸ் நெரிசலில் ஒரு பக்கத்துச் சூரியத் தகடு ஒடிந்துபோனது. மகள் பசை போட்டு ஒட்டினாள். கோணலாகத்தான் ஒட்டியது. அது டிவி மேல் இருந்தது.

வீட்டில் இருந்த அந்த ஒரு மாதத்தில் இன்ஜினம்மா வேறு ஆளாகிவிட்டாள். வாய் நிற்கவில்லை. மீசையைத்தான் அவள் மேஜையில் உட்காரவைத்திருந்தார்கள். வேறு இன்ஜின்காரர் இல்லாததால் பாதை பார்க்கிற வேலையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு அவனை மாற்றினார்களாம். அது அவளுக்கு ஆறவே இல்லை.

"அவனுக்கு இன்ஜினப் பத்தி என்ன தெரியும்? மூக்குக்குக் கீழ முடி இருந்தாப் போதுமா? நூறு வச்சிருக்கானுங்க, நூறு! எழுதி வச்சுக்கோங்க, கடைசி நேரத்துல கருக்கத்தான் போறானுங்க. அப்ப தெரியும் நான் ஏன் முப்பது வச்சேன்னு."

"நல்ல வார்த்தை சொல்லேன்" என்பார் வாத்தியார்.

"உண்மையச் சொல்றேன்."

மகள் ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அம்மா, அது கருகிட்டா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"எனக்கு என்னடி கிடைக்கணும்? நான் கவலைப்படறேன்."

"கவலைப்படற மாதிரி தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கிப் போனாள். இன்ஜினம்மா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. எனக்குப் போய் இப்படி ஒரு மகள் என்று வாத்தியாரிடம் புலம்பினாள்.

கப்பல் போய்ச் சேருகிற நாள் வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கும் வீட்டாருக்கும் கண்ணாடிக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள விருந்தாளி அட்டை கொடுத்தார்கள். இத்தனை வருஷம் நுழைந்த வாசலில் அவளை நிறுத்திக் காவலாளி பையைத் திறந்து பார்த்தான். "மன்னிச்சுக்கோங்கம்மா, விருந்தாளின்னா பாக்கணும்" என்றான். அவள் பையை அவன் பக்கம் தள்ளினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் அப்படியே இருந்தது. வாளி இருந்தது. வாளிக்குப் பக்கத்தில் மீசை இருந்தான். இப்போது கோணம் வாய்த்திருந்ததால் கப்பல் இன்ஜினை ஓட்டிக்கொண்டே பேசியது. சுவர்த் திரையில் ஒரு மூலையில் பொறிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்களெல்லாம் நடுவில் வளைந்து புதனை நெருங்குகிற பச்சைக் கோட்டைப் பார்த்தார்கள். அவள் மூலையைப் பார்த்தாள்.

ஒன்பது. பதினொன்று. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பத்தொன்பது. இருபத்து நாலு.

அவள் முன்னால் சாய்ந்தாள். மூச்சுக் கண்ணாடியில் பட்டது.

இருபத்தொன்பது. முப்பது.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்து. நாற்பது. உள்ளே மீசை நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான். தலைவர் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். சேதி இவ்வளவு தூரம் வரவே நிமிஷக்கணக்கில் ஆகும், அங்கே நடந்து முடிந்ததுதான் இங்கே வந்துகொண்டிருக்கிறது, யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனாலும் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வாத்தியார் அவள் வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். "இன்னும் கொஞ்சம். போ. போ."

ஐம்பத்தாறு. அறுபத்து மூன்று. எழுபத்தொன்று.

அதோடு நின்றது. தூசி எரிந்துபோயிருக்க வேண்டும். அந்த மணி முடிந்ததும் கணக்குப் புதிதாகத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. வெகுநேரம் இரண்டிலேயே இருந்தது. தட்டுகள் நன்றாக இருப்பதாக இன்ஜின் மேஜையிலிருந்து ஒலிபெருக்கியில் சொன்னான் மீசை. பச்சைக் கோடு புதனைச் சுற்றி வளைந்தது. கப்பல் பிடிபட்டது.

உள்ளே எல்லாரும் எழுந்து கத்தினார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாருடைய காலோ பட்டு வாளி கவிழ்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் எழுந்து கைதட்டினார்கள். மீசை திரும்பி, கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான். அவன் கண்ணில் தண்ணீர். அவனுக்குக் கள்ளம் தெரியாது. முப்பது என்கிற எண் அப்போது அவன் ஞாபகத்தில்கூட இருந்திருக்காது.

"கைதட்டு. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் வாத்தியார்.

அவள் தட்டினாள்.

விருந்தாளிகளுக்குக் கேக் வெட்டினார்கள், அவளுக்கும் ஒரு துண்டு காகிதத் தட்டில் வந்தது. தலைவர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, இந்த வெற்றி இவங்களோட பல வருஷ உழைப்பு என்றார். மறுபடி கைதட்டல். அவள் மேடையிலிருந்து இறங்கி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலுக்கு வந்துவிட்டாள். அட்டையைக் காவலாளியிடம் கழற்றிக் கொடுத்தாள். வாத்தியார் பின்னாலேயே ஓடி வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் இவர்கள் இரண்டு பேர்தான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?" என்றார்.

"என்ன சொன்னேன்?"

"என் காது இன்னும் நல்லாத்தான் கேக்குது."

அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள்.

"அது நின்னுபோகணும்னு நெனச்சியா? இத்தன வருஷம் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்த. அது கருகணும்னா நெனச்ச?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்புகிற ஜாதி அவர். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, அதற்குள்ளிருந்தே சொன்னாள்.

"ஆமா."

அவர் அவள் தோளைத் தொடப் போன கையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஆமாங்க. கருகணும்னுதான் நெனச்சேன். கருகியிருந்தா இந்நேரம் எல்லாரும் என்னத் தேடி வந்திருப்பாங்க."